கண்ணுக்கு ஒரு டச்சப்

1

இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் நிறைந்த அன்று காலையில் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டினேன். அவசரத்தில் தாண்டவில்லை. திமிரிலும் இல்லை. அந்த விளக்கை நான் பார்க்கவேயில்லை.

கனடாவில் சிக்னல் விளக்கு ரோட்டுக்கு மேலே அந்தரத்தில் தொங்கும். கொஞ்சம் அண்ணாந்தால்தான் தெரியும். அன்றைக்கு ஜெயாவை, அதாவது என் மனைவியை, வேலைக்குக் கொண்டு விடப் போய்க்கொண்டிருந்தேன். முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை. வருஷம் நிறைந்த நாள் என்று கேசரி கிண்டி, டப்பாவை மடியில் வைத்திருந்தாள்.

“ஏங்க! செவப்பு! செவப்பு!” என்று அலறினாள்.

ரொட்டி ஏற்றி வந்த லாரி ஒன்று எங்கள் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. டிரைவர் கையை வெளியே நீட்டித் திட்டினான். என்ன திட்டினான் என்று இங்கே எழுத முடியாது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம். ஓரமாக நிறுத்தினேன். 

“கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு ஓட்டுங்க.”

“தொறந்துதான வச்சிருக்கேன்.”

ஜெயா என் முகத்தையே பார்த்தாள். “இல்லங்க. பாதிதான் தொறந்திருக்கு,” என்று சொல்லி எனக்கு எதிரே இருந்த சின்னக் கண்ணாடியை இறக்கிவிட்டாள். பார்த்தேன். இரண்டு கண்ணுக்கும் மேலே தோல் தொங்கி இமைமுடி மேல் உட்கார்ந்திருந்தது. கடைக்குச் சட்டரைப் பாதி இறக்கி விட்ட மாதிரி. இது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளில் வந்த சங்கதி இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

கண் டாக்டர் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். கண்ணில் கோளாறு ஒன்றும் கிடையாது. தோல்தான் சரிந்து பார்வையின் மேல்பாதியை மறைக்கிறது. அந்தத் தோலைக் கொஞ்சம் வெட்டித் தைத்தால் சரியாகிவிடும். அதுவரைக்கும் வண்டி ஓட்டக் கூடாது.

நான் பெயிண்டர். ஏணியும் டப்பாவும் ஏற்றிய வேனை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்கு ஓட்டிப் போகிற பிழைப்பு. வேன் ஓட்டாத பெயிண்டரை இந்த ஊரில் எவன் வைத்துக்கொள்வான்? ஆபரேஷனைச் சொந்தக் காசில் செய்துகொள்ள எங்களால் ஆகாது. அரசாங்கத்து மருத்துவக் காப்பீடு ஏற்றுக்கொண்டால் என் பிழைப்பு நிலைக்கும், இல்லாவிட்டால் இல்லை. அதற்கு ஒரு விண்ணப்பம் போட வேண்டும். அதை நான் எப்படிக் கெடுத்தேன், அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்பதைத்தான் இந்தக் குறிப்புகளில் எழுதுகிறேன்.

2

அதற்கு முன்னால் என் தொழிலைப் பற்றியும் அதன் இங்கிலீஷைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

விற்கப்போகிற வீடுகளை அழகுபடுத்துவது எங்கள் வேலை. முதலாளி டோனி இத்தாலிக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வந்த புதிதில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் யெஸ், நோ, தேங்க்யூ. மற்றதெல்லாம் சுவரில் படித்ததுதான். ஒரு கோட்டு அடித்தால் அது ‘ரெஃப்ரெஷ்’. வீட்டு முகப்பை மாற்றினால் ‘ஃபேஸ்லிஃப்ட்’. அடுப்படி அலமாரிக்கெல்லாம் புதுக் கதவு போட்டால் ‘மேக்கோவர்’. வாடகை சோபாவைக் கொண்டுவந்து போட்டு, யாரும் தின்னாத எலுமிச்சம்பழத்தைக் கிண்ணத்தில் அடுக்கி, இங்கே சந்தோஷமாக ஒரு குடும்பம் இருக்கிறது என்று காட்டினால் ‘ஸ்டேஜிங்’. வீடு பார்க்க வருகிறவன் காரை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே மயங்க வேண்டும், அதற்குப் பெயர் ‘கர்ப் அப்பீல்’. இதை டோனி விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொண்ணு பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் தெருவிலும் தெருப்பக்கச் சுவருக்கு மட்டும்தான் வெள்ளையடிப்பார்கள்.

இந்தச் சொற்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘காஸ்மெட்டிக்’. சுவரில் விரிசல் கண்டு வீட்டுக்காரர் பதறி நிற்பார். டோனி விரலை வைத்துத் தடவிப் பார்த்து, “காஸ்மெட்டிக்,” என்பார். அஸ்திவாரத்துக்கு ஒன்றுமில்லை, தோலில்தான் கீறல் என்று அர்த்தம். வீட்டுக்காரர் மூச்சு விடுவார். ஒரு நல்ல டாக்டர் வாயிலிருந்து வருகிற மாதிரியான சொல் அது.

ஆனால் இந்த வகையில் நான் முதலில் கற்ற சொல்லை ஊரிலிருந்தே கொண்டுவந்தேன். டச்சப். தூத்துக்குடியில் எங்கள் தெருமுனையில் அந்தோணி அண்ணன் ஸ்டுடியோ வைத்திருந்தார். அம்மைத் தழும்பை எடுப்பார், கறுப்பைக் குறைப்பார், இல்லாத சங்கிலியைக் கழுத்தில் வரைவார். எல்லாவற்றுக்கும் டச்சப் என்ற ஒரே பெயர்தான்.

அப்புறம் துறைமுகத்தில் காண்டிராக்டரிடம் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனேன். எங்கள் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். சுத்தியலால் துருவைத் தட்டித் தட்டி எடுத்து, செங்காவி பூசி, அதற்கு மேல்தான் வர்ணம். நேரம் இல்லையென்றால் மேஸ்திரி கீழேயிருந்து கத்துவார். “ஏலே, தட்டுனது போதும்! மேல ஒரு கோட்டு இழுத்து விடு. கொழும்பு போற வரைக்கும் தாங்கும்!” அந்தக் கப்பல்கள் எல்லாம் எப்படி இருக்கின்றனவோ.

ஊரைக் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பெரிய மனிதர் யாராவது வந்தால் ரோட்டோரம் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவதும், பூந்தொட்டி ராத்திரியோடு முளைத்து மறுநாள் காணாமல் போவதும் எங்கள் ஊரில் உண்டுதான். ஆனால் போன தடவை போனபோது பீச் ரோட்டில் பெஞ்சும் விளக்குமாக இருந்தது. அக்கா என்னை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்து, “பாத்தியாலே நம்ம ஊர! செல்பி பாயிண்ட்டெல்லாம் வச்சிருக்காவ,” என்றாள். இருவரும் மக்ரூன் தின்றுகொண்டு அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யார் போட்ட பெஞ்சோ, நன்றாக இருக்கட்டும்.

சண்முகக்கனி அக்கா என் கூடப்பிறந்த ஒரே ஆள். அவளிடம் ஒரு விஷயத்தை இருபத்திரண்டு வருஷமாக மறைத்திருந்தேன். ஊருக்கு அனுப்புகிற படத்தையெல்லாம் நான் பெயிண்ட் அடித்த வீடுகளுக்கு முன்னால் நின்றுதான் எடுத்தேன். இது என் வீடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. சிவப்புக் கதவு போட்ட ஒரு வீட்டை எங்கள் வீடு என்றே அக்கா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். நாங்கள் இருப்பதோ ஏழாவது மாடியில் இரண்டு அறை.

3

விண்ணப்பத்துக்கு மூன்று வேண்டும் என்றார்கள். முகத்தின் படம், பார்வைப் பரிசோதனை, நான் நிரப்பித் தர வேண்டிய ஒரு படிவம்.

அன்று காலை ஜெயா நீலச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். மழுமழுவென்று சவரம் செய்தேன். மீசைக்கு மை. முகத்துக்குப் பவுடர். ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறாய், கல்யாணத்துக்கா என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லாருமே அப்படித்தான். தாசில்தார் ஆபீசுக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் நல்ல சட்டை போடாமல் போனால் மதிக்க மாட்டான் என்பது எங்களுக்குப் பாலோடு ஊட்டியது.

படம் எடுத்த பெண்ணுக்கு என் மகள் அபி வயதுதான் இருக்கும். “சாதாரணமா நேரா பாருங்க,” என்று இங்கிலீஷில் சொன்னாள். கேமராவைக் கண்டதும் எனக்குள்ளே அந்தோணி அண்ணன் குரல் கேட்டது. ‘நெஞ்ச நிமித்துங்க. நாடிய தூக்குங்க. கண்ண நல்லா முழிச்சுப் பாருங்க. ஆங், அப்பிடியே!’ நிமிர்ந்தேன், தூக்கினேன், முழித்தேன். புருவம் இரண்டும் நெற்றியில் ஏறிக்கொண்டன. “ரிலாக்ஸ்,” என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். நல்ல பிள்ளை, நான் பயந்திருப்பேன் என்று தைரியம் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது பரிசோதனை. வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு யந்திரத்துக்குள் முகத்தை வைக்க வேண்டும். சின்னச் சின்ன வெளிச்சம் தெரியத் தெரிய பித்தானை அமுக்க வேண்டும். டெஸ்ட் என்று காதில் விழுந்ததும் எனக்கு வேகம் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவன் நான், இதிலாவது பாஸ் ஆக வேண்டாமா? புருவத்தைக் கீழே இறக்கவே இல்லை. நெற்றி வலி கண்டுவிட்டது. முடிந்ததும் அந்தப் பெண், “நல்லாச் செய்தீங்க,” என்றாள். அதை ஜெயாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

படிவத்தில், இதனால் அன்றாட வேலை பாதிக்கிறதா என்று கேட்டிருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன்.

“ரொம்ப முடியலன்னு எழுதிராதீங்க. வேலைக்கு லாயக்கில்லாத ஆளுன்னு நெனச்சிருவாங்க,” என்றாள் ஜெயா.

அதுவும் சரிதான் என்று பட்டது. அடக்கமாக எழுதினேன். ‘நல்லபடியாகச் சமாளித்து வருகிறேன். மிக்க நன்றி.’

4

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் அரசாங்கக் கடிதங்களை அபிதான் படிப்பாள். அவளுக்குக் காலேஜில் இரண்டாம் வருஷம். கடிதம் படிக்கிற அந்த ஐந்து நிமிஷம்தான் அவள் காதிலிருந்து பாட்டுக் கருவியை எடுத்து என்னிடம் பேசுகிற நேரம். இரண்டு வருஷமாகவே அப்படி. எதிரே போய் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள். என்ன கோபம் என்று ஜெயாவுக்கும் தெரியவில்லை. இந்த நாட்டில் பிள்ளைகள் இப்படித்தான் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன்.

“அப்பா, அவங்க முடியாதுன்னு சொல்றாங்க. இது காஸ்மெட்டிக்காம்.”

எனக்கு ஒரு நொடி சந்தோஷமாகவே இருந்தது. பழக்கதோஷம். அஸ்திவாரத்துக்கு ஒன்றுமில்லை! அப்புறம்தான் உறைத்தது. பார்வை நன்றாக இருக்கிறது, அழகுக்காக ஆசைப்படுகிறான் என்று எழுதியிருக்கிறார்கள். என்னை! கல்யாணத்தன்றைக்குக்கூடக் கண்ணாடி பார்க்காதவனை! கோபம் அப்படி வந்தது.

சனிக்கிழமை காலையில் அக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்காலம், காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்லுவாள் என்று பார்த்தால் அவள் சிரித்த சிரிப்பு இங்கே ஏழாவது மாடி வரைக்கும் கேட்டது.

“ஏலே தொர, ஒனக்கு பியூட்டி ஆபரேசனா? இந்த வயசுலயா? சினிமால நடிக்கப் போறியாக்கும்?”

“அக்கா, கண்ணு தெரியலக்கா எனக்கு. வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க.”

சிரிப்பு நின்றது. “நெசமாவா சொல்லுத? அப்ப வேல?”

“தெரியலக்கா.”

“அந்தச் செவப்புக் கதவு வீட்டுக்கு மாசாமாசம் கட்டணுமேலே. அதுக்கு என்ன செய்வ?” என்று கேட்டாள்.  லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

5

வேன் சாவியை டோனியிடம் முன்னமே கொடுத்துவிட்டேன். காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். அந்த மனிதர் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை ஆறரைக்கு எங்கள் வாசலில் வேனோடு நின்றார். அப்புறம் தினமும் நின்றார். அவர் வீடு இருப்பது ஊரின் அந்தப் பக்கம், நாற்பது நிமிஷம் சுற்று.

கடிதம் வந்த அடுத்த வாரம். ஒரு வீட்டு மாடியறையை முடித்துவிட்டுக் கீழே வந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பட்டிக்கத்தியை மேலேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்ப ஏறினேன். டோனி ஏணியில் நின்றுகொண்டிருந்தார். கையில் சின்ன பிரஷ். சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் நான் இழுத்த கோட்டை மறுபடி இழுத்துக்கொண்டிருந்தார்.

டேப் ஒட்டாமல், கையாலேயே அந்தக் கோட்டை நேராக இழுப்பதுதான் எங்கள் தொழிலில் கௌரவம். கப்பலில் பழகிய கை என்னுடையது. டோனியே புது ஆட்களைக் கூட்டிவந்து, ராஜ் இழுக்கிறதைப் பாருங்கள் என்று காட்டியிருக்கிறார். லிங்கதுரை என்ற பெயர் அவர் வாயில் நுழையாது, அதனால் நான் ராஜ். தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தேன். நான் இழுத்த பாதி, நண்டு ஊர்ந்த மணல் மாதிரி இருந்தது.

“ஒன்றுமில்லை ராஜ். சின்ன டச்சப்,” என்றார்.

“எத்தனை நாளாக?”

அவர் பிரஷைத் துடைத்தார். நான் விடவில்லை. கடைசியில், “குளிர்காலத்துக்கு முன்னாலிருந்து,” என்றார். எட்டு மாசம்! எட்டு மாசமாக நான் கீழே போனதும் இந்த மனிதர் முட்டி வலியோடு ஏணி ஏறியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, சம்பளத்தில் கைவைக்கவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பெயிண்ட் நெடி என்று சொல்லலாம், சொல்லவில்லை. கும்பிட்டேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல், “பெயிண்ட் ஒழுகுது பார், ஒழுகுது பார்,” என்று சுவரைக் காட்டினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஜெயாவிடம் சொன்னேன். “இனிமே அவர ஏற விடக் கூடாதுங்க. ஒண்ணு கண்ணு சரியாவணும், இல்லன்னா நீங்களே வேலய விட்ரணும்,” என்றாள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். அடுத்த அறையில் கதவு திறந்தது. அபி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

6

ஏன் மறுத்தார்கள் என்று பார்க்கிறேன் என்று அவளாகவே போன் போட்டு விண்ணப்பத்தின் நகலை வரவழைத்தாள். திரையில் என் படம் விரிந்தது. நீலச் சட்டை, பவுடர், மை தீட்டிய மீசை, நெற்றி உச்சியில் புருவம்.

“அப்பா! இது யாரு? ஆந்தையா?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். என் எதிரில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! அப்புறம் படிவத்தைப் படித்தாள், சிரிப்பு நின்றது. “சமாளிக்கிறேன், நன்றின்னு எழுதினா எப்படிப்பா குடுப்பாங்க?”

“மரியாதையா எழுதினேன்.”

“கண்ணு தெரியலன்னு சொல்றதுக்கு என்னப்பா மரியாதை?”

டாக்டரிடமும் அவளே பேசினாள். திரும்ப விண்ணப்பிக்கலாம். புதுப் படம், புதுப் பரிசோதனை வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்தால் அவர்களுடைய பழைய படமும் உதவும் என்றாராம்.

மறுநாள் காலையில் எழுந்ததும் எழாததுமாக என்னைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் பழக்க வேண்டுமாம். சவரமில்லை, பல்கூடத் தேய்க்கவில்லை, பழைய பனியன். ஃபிரிட்ஜுக்கு முன்னால் நிறுத்தினாள். தன் படத்தையெல்லாம் தோலை மினுக்கிக் கண்ணைப் பெரிதாக்காமல் யாருக்கும் காட்டாத பெண் அவள். “இதுல ஃபில்டர் கிடையாது,” என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

“நெத்தியை விடுங்கப்பா.”

“விட்டுட்டேன்.”

“விடலை.” கிட்டே வந்து நின்று, என் நெற்றியில் இரண்டு விரலை வைத்து மெதுவாகக் கீழே இழுத்தாள். நாடியையும் பிடித்து இறக்கினாள். “இப்படியே இருங்க. அசையாதீங்க. இப்போ என்னைத் தெரியுதா?”

“தெரியுது.”

“எதுவரைக்கும்?”

“கழுத்து வரைக்கும்.”

“என் முகம்?”

“தலையைத் தூக்கினாத்தான் தெரியும் அபி.”

அவள் கையை எடுக்கவில்லை.  “அதுக்குத்தான் எப்பவும் அப்படித் தலையத் தூக்கி மேலேருந்து பாக்குறீங்களா? நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நீங்க என்னை முறைக்கிறீங்கன்னு நெனச்சேன். உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு...” மேலே தமிழில் வரவில்லை. இங்கிலீஷிலும் வரவில்லை. என் பனியனில் முகத்தை வைத்து அழுதாள். இரண்டு வருஷத்துக் கோபம் என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அட கடவுளே, பிள்ளையின் முகத்தைப் பார்க்கத்தானே தலையைத் தூக்கினேன்!

7

அந்தப் படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். இந்த முகத்தோடு அவளுக்குப் போன முதல் படம் அதுதான். உடனே போன் வந்தது.

“என்னலே இது, எங்கன நிக்க? யாரு வீட்டு அடுப்படி?”

“எங்க வீடுதாங்க்கா. செவப்புக் கதவு வீடு என்னுது இல்ல. நான் பெயிண்ட் அடிச்ச வீடு. இத்தன வருசம் சொல்லாம இருந்துட்டேன்.”

“போலே கூறுகெட்டவனே,” என்றாள். “அந்தக் கதவ நான் எத்தன பேருகிட்ட சொல்லிருக்கேன்!” ஒரு மூச்சு விட்டாள். “சரி போ, அடிச்சது நீதான. கதவு நல்லாத்தான் இருந்துச்சு.” அப்புறம் அவள் குரல் இறங்கியது. “தொர, நான் அதுக்குக் கூப்புடல. இந்தப் படத்துல நீ அப்படியே அப்பாலே.”

எங்கள் அப்பா உப்புக் கிட்டங்கியில் மூட்டை ஏற்றுகிற ஆட்களுக்கு மேஸ்திரி. நான் இங்கே வருவதற்கு முந்தின வருஷம் தவறிப்போனார். கடைசிப் பத்து வருஷம் அவருக்கு இரண்டு பெயர். கிட்டங்கியில் திமிர் பிடித்தவர், தலையைத் தூக்கித்தான் யாரையும் பார்ப்பார். வீட்டில் தூங்குமூஞ்சி, எங்கே உட்கார்ந்தாலும் தூங்குகிற மாதிரியே இருப்பார். முட்டி வலி என்று சொல்லி சைக்கிளை விட்டார். அறைவாசல் நிலையில் தினமும் தலையை இடித்துக்கொள்வார். நாங்கள் சிரிப்போம். அம்மா அந்த நிலையில் பழைய துணியைச் சுற்றி வைத்தாள். யாருமே அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை.

“அப்பா படம் ஒண்ணு வேணுங்க்கா, டாக்டர் கேக்காரு,” என்றேன்.

சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கிற படத்தை அக்கா எடுத்து அனுப்பினாள். அபி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அதில் அப்பாவுக்குக் கண் இரண்டும் அகலத் திறந்து, தெளிவாக, யாரையும் அதட்டுகிற மாதிரி இருந்தது.

அக்காவே சொன்னாள். “அது அந்தோணி அண்ணன் செஞ்சது. படம் எடுத்தா கண்ணு மூடுன மாரியே இருந்துச்சு. கொஞ்சம் தொறந்து விடுங்கண்ணேன்னு நாந்தான் சொன்னேன். பிரஷ்ஷால வரைஞ்சு குடுத்தாவ. அப்பா பாத்துட்டு எவ்ளோ சந்தோசப்பட்டாவ தெரியுமா! ‘நான் முன்ன இப்பிடித்தான இருந்தேம்ட்டி’ன்னாவ.” பிறகு, “இருலே, இன்னொண்ணு இருக்கு,” என்று போனை வைத்தாள்.

அரைமணி நேரத்தில் வந்தது அப்பாவின் வாக்காளர் அட்டை. அந்த அட்டைப் படத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் நிற்க வைத்து, மூச்சு விடுவதற்குள் தட்டிவிட்டு, அடுத்த ஆள் என்பார்கள். அப்பா அதை ஒருத்தருக்கும் காட்ட மாட்டார், ஓட்டுப்போடப் போகும்போதுகூட உள்ளங்கையில் கவிழ்த்தே பிடித்திருப்பார். அதில் அவர் முகம் உள்ளது உள்ளபடி இருந்தது. தொங்கிய தோல், நூல் அளவு கண், எட்டிப் பார்ப்பதற்காகத் தூக்கிய நாடி. என் ஃபிரிட்ஜ் படத்தை அதன் பக்கத்தில் வைத்தாள் அபி. ஒரே அச்சு.

இரண்டையும் விண்ணப்பத்தோடு வைத்தோம். ஆஸ்பத்திரிக்கு இந்தத் தடவை கசங்கின சட்டையோடு போனேன். நெற்றியைத் தூக்காமல் அந்த யந்திரத்துக்குள் பார்த்தபோது மேல்பாதியில் ஒரு வெளிச்சமும் தெரியவில்லை. பித்தானை அமுக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. படிவத்தில் அபி சொல்லச் சொல்ல எழுதினேன். சிவப்பு விளக்கு தெரியவில்லை. கூரைக்கோடு தெரியவில்லை. மகள் முகம் தெரியவில்லை. ஐந்தாவது வாரம் அனுமதி வந்தது.

8

ஆபரேஷன் ஒரு மணி நேரம்கூட இல்லை. தையல் பிரித்து வீக்கம் வடிந்த பிறகு ஒரு காலையில் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். அங்கே நின்றது நான் இல்லை. சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த அப்பா. அந்தோணி அண்ணன் பிரஷ்ஷால் திறந்து வைத்த அதே கண், அதே அதட்டல்.

அபி வீடியோவில் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள்.  போனைத் திருப்பி அப்பா படத்துக்கு நேராகப் பிடித்தாள். நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

“நம்ம அப்பாவுக்கும் இதச் செஞ்சிருக்கலாம்லாலே. படத்துலதான தொறந்து விட்டேன். கடைசில அவியளுக்கு நாம எல்லாரும் கழுத்து வரைக்குந்தான் தெரிஞ்சிருப்போம், என்னா?”

 அவள் அழுதாள். நானும் அழுதேன், இப்போதுதான் தையல் பிரித்த கண், அழக் கூடாது என்று அபி அதட்டினாள். அப்புறம் அக்கா மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள். “அந்த ஓட்டு அட்டப் படத்தப் பெருசாக்கி மாட்டிட்டு, இத எடுத்துரவா?”

“வேண்டாங்க்கா. ரெண்டும் இருக்கட்டும்,” என்றேன். உள்ளதைக் காட்டிய படம் எனக்குக் கண்ணைத் தந்தது. வரைந்த படம் அப்பாவுக்கு ஒரு சந்தோஷத்தைத் தந்தது. அந்தப் பெயர் தெரியாத அட்டைக்காரருக்கும் நன்றி, அந்தோணி அண்ணனுக்கும் நன்றி. டோனிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அக்கா அனுப்பின மக்ரூன் டப்பாவை அப்படியே கொடுத்தேன். அவர் ஏணியைச் சுவரில் சாய்த்து என் பக்கம் தள்ளிவிட்டு, கீழே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை காலையில் ஜெயாவைக் கொண்டு விடக் கிளம்பினேன். அதே ரோடு. பழக்கத்தில் அவள் கையை முன்னால் நீட்டி, “செவப்புங்க,” என்றாள்.

“தெரியுதுளா,” என்றேன். எப்போதோ நிறுத்தியிருந்தேன்.